ஈரச்சாக்கில் கிடந்த கித்தார்

கரண்டில் பாடுகிற கித்தாரைக் கோவில்பட்டியில் அப்போது யாரும் கித்தார் என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் தெரு டீக்கடைக்காரருக்கு அது ‘கம்பி கட்டின மம்பட்டி’. என் மாமியாருக்குக் ‘கரண்டு வீணை’. மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், “வயித்துல ஓட்டை இல்லாம எப்படிவே சத்தம் வரும்?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பிரித்தே காட்டினேன். “நீரு என்னமோ மறைக்கீரு” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படி ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வருகிற பேச்சுக்காகவே நான் அந்தக் கித்தார்களை வாசலில் போட்டு வேலை பார்ப்பேன்.

நான் இசை படித்தவனில்லை. நூல் மில்லில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற வேலை. மைக்செட் கடையில் ஒருநாள் ஒரு செத்த கித்தாரைப் பிரித்துப் பார்த்தபோது, கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு காயில் இருந்தது. அட, நம்ம மோட்டாரோட குழந்தைல்லா இது என்று தோன்றியது. அங்கே பிடித்தது இந்தப் பைத்தியம்.

எழுபதுகளின் கடைசியில் இந்தப் பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் பாடுகிற கச்சேரிக் குழுக்கள் முளைப்பதும் கலைவதுமாக இருந்தன. கலைகிற குழுவில் டிரம்மை யாராவது வாங்கிவிடுவார்கள். கித்தார் மட்டும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போய் அப்படிக் கிடப்பவற்றை வாங்கி வருவேன். வாங்கி, சரிபண்ணி, முன்னைவிடக் கொஞ்சம் நன்றாகப் பாடவைத்து, வாசிக்கிற ஒரு கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டினால் காயில் ஊளையிடும். அதற்கு மருந்து எங்கள் ஊரிலேயே இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளை மெழுகில் முக்குவார்கள். அந்த மெழுகில் ஒரு கட்டி வாங்கிவந்து உருக்கி, காயிலை முக்கி எடுத்தால் ஊளை அடங்கிவிடும்.

தூத்துக்குடியில் வாங்கிய ஒரு கித்தாரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உப்புக் காற்றில் அதன் இரும்பெல்லாம் பூத்துப்போயிருந்தது. காயிலை மாற்றிக் கட்டினேன். திருகாணிகளை மாற்றினேன். கழுத்தின் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு அரக்கு பாலிஷ் போட்டேன். அதைப் பசுவந்தனைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டான். இங்கே ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவன். அவன் கை வைத்தபிறகுதான் அந்தக் கித்தாருக்கு ஒரு குரல் வந்தது என்று சொல்ல வேண்டும். வருசக்கணக்கில் அவன் பெருவிரல் உரசி உரசிக் கழுத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குழிவு விழுந்திருந்தது.

அவனுடைய அய்யாவுக்கு அது ஆகவில்லை. மானாவாரிக் காட்டை நம்பி இருக்கிற குடும்பம். விதைப்பு நேரத்தில் மகன் கச்சேரிக்குப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒருநாள் சோற்றுக்கு உட்கார்ந்த இடத்தில், “அந்தக் கட்டையை அடுப்புல வச்சாத்தான் நீ உருப்படுவே” என்று சொல்லியிருக்கிறார். அவன் கையைக் கழுவி எழுந்தவன், கித்தாரைச் சுவரில் மாட்டிவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டான். ஊருக்கு வரவே இல்லை. இதெல்லாம் அவனுடைய குழுக்காரர்கள் சொல்லி எனக்குத் தெரியும்.

அவன் போன பிறகு மழை பொய்த்த ஒரு வருசம். பங்குனி வெயில். வாசலில் உட்கார்ந்து ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நனைந்த சாக்கில் சுருட்டிய எதையோ பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

“கித்தாருக்கு வைத்தியம் பாக்குதது நீங்கதான தம்பி?”

சாக்கை விலக்கினேன். நான் பாலிஷ் போட்ட கழுத்து. பாலிஷ் வெளுத்துப் பூத்திருந்தது. மேற்பலகை ஒட்டு விட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கழுத்து லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து செங்காவித் தண்ணீர் சொட்டியது.

“மழையே இல்லையே அண்ணாச்சி. எங்கன நனைஞ்சது?”

“நான்தான் நனைச்சேன்” என்றார்.

மெதுவாகத்தான் பேச்சு வந்தது. சித்திரையில் அவர்கள் ஊர்க் கொடை. மகனுடைய பழைய குழுதான் கச்சேரி. அவனும் வந்து வாசிப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். இவர் கித்தாரைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்திருக்கிறார். அந்த வெயிலில் மரம் வற்றி, கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளின் முனை வெளியே துருத்திக்கொண்டு நின்று, இவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கம்பி நீண்டுவிடவில்லை, மரம்தான் சுருங்கியிருக்கிறது என்று அவருக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கோடையில் வண்டிச் சக்கரம் வற்றி இரும்புப் பட்டா கழன்று ஆடும்போது சம்சாரி என்ன செய்வானோ அதையே செய்திருக்கிறார். ஈரச்சாக்கைச் சுற்றித் தொழுவத்து நிழலில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஊறவைத்திருக்கிறார்.

“சக்கரம்னா ஊறி இறுகிரும்லா. இது ஏன் தம்பி இப்படி வாயைப் பொளந்துட்டு?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தைப் பற்றி அவர் நினைத்தது சரிதான். நானே அந்தத் துருத்தலை அரம் போட்டுத் தேய்ப்பேனே தவிர, மரம் சுருங்கியதற்கு ஒரு வைத்தியமும் அறியேன். சக்கரத்தில் பசை கிடையாது, செம்புக் கம்பி கிடையாது. அது ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

“அடுப்புல வைப்பேன்னு சொன்ன வாய் இது” என்றார். “இப்போ இந்தக் கோலத்துல பாத்தாம்னா வேணும்னே செஞ்சிட்டேன்னுதான் நினைப்பான். கொடை முடியுமுன்னே பஸ் ஏறிருவான். பெறகு என் சாவுக்குத்தான் வருவான்.”

என்னிடம் இன்னொரு கித்தாரின் நல்ல கழுத்து இருந்தது, இதைவிட உசத்தி. அதை மாட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

“மாத்துனா அவனுக்குத் தெரியாதா?”

“தொட்ட ஒடனே தெரியும்.”

“அப்போ வேண்டாம். இதையே எழுப்பி விடுங்க.”

கொடைக்குள் முடிக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மரம் வெடித்துவிடும். நிழலில் தொங்கவிட்டுத் தானாக உலரவிட்டேன். மில்லிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். என் வீட்டுக்காரி, “காய்ச்சக்காரப் பிள்ளைக்குக் கூட இப்படிக் கை வச்சுப் பாத்தது கிடையாது” என்றாள். உலர்ந்தபிறகு வஜ்ரப் பசையைக் காய்ச்சி மேற்பலகையை ஒட்டினேன். நேரான ஒரு இரும்புச் சட்டத்தோடு கழுத்தைச் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்தேன். முறுக்கு பெரும்பாலும் போய்விட்டது. காயிலைப் புதிதாகச் சுற்றி மெழுகில் முக்கினேன். வாசிக்கிற கம்பிகளில் மெல்லிய கம்பி மட்டும் ஒரே ஒரு இடத்தில் லேசாக இரையும். அதை என்னால் போக்க முடியவில்லை.

வெளுப்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் போய்விட்டது. ஆனால் கழுத்தின் பின்புறம் சாக்கின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. ஈரத்திலும் புழுக்கத்திலும் அரக்கு இளகி, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் இழை அச்சாக விழுந்துவிட்டது. சுரண்டினால் போகும். ஆனால் சுரண்டினால் அவன் பெருவிரல் போட்ட குழிவும் சேர்ந்து போகும். அரத்தைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். கடைசியில் தொடாமல் விட்டுவிட்டேன்.

பெரியவர் வந்தபோது அதைத்தான் முதலில் பார்த்தார்.

“முன்னால நின்னு பாக்குதவங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி” என்றேன்.

“அவன் முன்னால நின்னா பாக்கப் போறான்?”

பிறகு வாய்விட்டே கேட்டார். “நீங்களும் கொடைக்கு வாங்க தம்பி. வெயில்ல தானாக் கெட்டுட்டுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவான்.” என் வாசலில் நின்று கையைக் கூப்பினார். நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கொடை அன்று மத்தியானம் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். பருத்திக் காடெல்லாம் வெறுங்கட்டையாக நின்றது. கரிசல் பாளம் பாளமாக வெடித்து, பிளவுக்குள் கையை விடலாம் போல இருந்தது. கொட்டுச் சத்தம் மட்டும் ஊருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் மகன் வந்திருந்தான். ஆள் மெலிந்து, தலைமுடியில் மில் பஞ்சு ஒட்டியதுபோல அங்கங்கே நரை. அய்யாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கட்டிலின் மேல் கித்தார்.

“வாங்க அண்ணாச்சி. நல்லா இருக்கியளா?” என்று எழுந்தான். எனக்காகக் காத்திருந்ததுபோல அதைக் கையில் எடுத்தான். இடது கை கழுத்தைப் பற்றியது. பெருவிரல் பின்பக்கம் போய்த் தன் குழியைத் தேடி உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் அப்படியே நின்றது. மெதுவாகக் கித்தாரைத் திருப்பினான்.

“என்ன அண்ணாச்சி இது?”

நான் வாயைத் திறந்தேன். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தையை யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவரே, “அவியகிட்டக் கேக்காதே. நான்தான்” என்றார்.

அவன் அந்த இழைத் தடத்தின் மேல் விரலை ஓட்டினான், குறுக்கே ஒருதரம், நெடுக்கே ஒருதரம். கரிசலில் வண்டி ஓட்டி வளர்ந்தவனுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“சாக்கு போட்டியளாக்கும்.”

“கம்பி கையைக் கிழிச்சிது. உன் கையையும் கிழிக்குமேன்னு...”

அவனுடைய அம்மை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். “குடிக்கத் தண்ணி இல்லாமக் கிடந்தோம். இவிய கித்தாரைக் குளிப்பாட்டுனாவ. கேட்டா, நீ பேசாம இருடின்னு என்னை ஏசுதாவ.”

அவன் தலையைத் தூக்கி அய்யாவைப் பார்த்தான்.

“தண்ணி எங்கன எடுத்திய?”

“ஓடைக் கெணத்துலதான்.”

“அதுல தண்ணி கிடந்துச்சாக்கும்?”

“ஊத்துத் தண்ணி. உள்ள எறங்கிச் செரட்டையில கோரணும்.”

அந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அது எவ்வளவு ஆழம், எந்தப் படி உடைந்திருக்கும், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினால் முழங்கால் என்ன பாடுபடும் எல்லாம் அவனுக்குத் தெரியும். வெகுநேரம் அவன் அய்யாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே கொட்டு நின்று, மைக்செட்டில் யாரோ தேங்காய் பழத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தலையைக் குனிந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தான். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அந்தக் கித்தார் கொசு அளவுக்குத்தான் பாடும். பெரியவர் அதைக் கேட்கத் தன் இடத்திலிருந்து எழுந்துவந்து கட்டிலின் அடுத்த முனையில் உட்கார்ந்தார். மெல்லிய கம்பி அந்த ஒரே இடத்தில் லேசாக இரைந்தது. அவன் நிறுத்தினான். மறுபடி அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தான்.

“சரிபண்ணித் தரட்டுமா?” என்று கேட்டேன். “ஊருக்குப் போகும்போது கொடுத்துட்டுப் போ. பின்பக்கத்துத் தடத்தையும் எடுத்துருதேன்.”

“இருக்கட்டும் அண்ணாச்சி” என்றான், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.