சமாதானத் துணியில் ஒரு கைலி

மிஷின் மிதிக்கிற சகோதரிகளே, அளவு தெரியாதவங்க கொண்டுவர்ற துணியோட நீங்களும் மல்லுக்கட்டியிருக்கீங்களா? முக்கால் மீட்டரைக் கொடுத்து முழுக்கை ஜாக்கெட் கேட்பாங்களே, அவங்களே தேவலை. நான் மாமல்லபுரத்தில் சமாதானம் தைச்சவ. தூர தேசத்துச் சண்டை நிக்கணும்னு நாற்பது ஓவியர்கள் ஆளுக்கொரு துண்டுத் துணியில் வரைஞ்சாங்க. அதையெல்லாம் மூட்டி ஒரே திரையாக்கறது எனக்கும் ஜமீலாவுக்கும் வேலை. பிள்ளையைத் திருக்கழுக்குன்றத்தில் பால்வாடியில் விட்டுட்டு பஸ் பிடிப்பேன்.

வால் போன புறா

நாற்பதில் முப்பது புறா. அத்தனையும் துணியோட ஓரம் வரைக்கும் ரெக்கையை விரிச்சிருக்கு. தையலுக்கு அரை இஞ்ச் விடணும்னு ஒரு மேதைக்கும் தோணலை. மூட்டினா ஒண்ணுக்கு வால் காணோம், ஒண்ணுக்கு மூக்கு காணோம். தாடிக்கார ஓவியர் ஒருத்தர் தன் துண்டைப் பார்த்து அலறினார்: “என் சமாதானத்தோட தலையை வெட்டிட்டீங்களேம்மா!”

நடு இடம்

நடுவில் யார் துண்டு வரணும்னு தாடிக்காரருக்கும் குட்டைமுடி அம்மா ஒருத்தங்களுக்கும் தகராறு. அவர் வந்து பிரிக்கச் சொல்வார், அந்தம்மா வந்து பிரிக்கச் சொல்வாங்க. மூணு தடவை பிரிச்சேன். ஜமீலா நூலைக் கடிச்சுத் துப்பிட்டுச் சொன்னா: “இவுங்க கையில பட்டாளம் இல்லாதது நம்ம நல்ல காலம்க்கா.”

வலி தெரியாத கட்டம்

அந்தச் சண்டை நடக்கிற நாட்டுத் துறைமுகத்தில்தான் ஜமீலாவோட புருஷன் கிரேன் ஓட்டுறார். ஒன்பது நாளாப் போன் இல்லை. அவரோட நீலக் கட்டம் போட்ட கைலியைக் கொண்டுவந்து, “இத்தையும் ஒரு ஓரமா சேத்துக்கங்க மேடம்”னு நிகழ்ச்சி நடத்தற மேடத்துகிட்ட நீட்டினா. விஷயத்தையும் சொன்னா. மேடம் ரெண்டு விரலால் தொட்டுப் பார்த்தாங்க. “பாவம்தான். ஆனா இதுல போரோட வலி தெரியலையேம்மா.”

கடல் காத்து

திறப்பு விழா அன்னிக்கு கடற்கரையில் திரையைத் தூக்கிக் கட்டினோம். பெயிண்ட் ஏறின கனம். காத்து ஒரு அடி அடிச்சுது. மேல் ஓரம் டர்ருன்னு கிழிஞ்சு சமாதானம் மணல்ல கிடந்தது. கழி நுழைக்கக் கெட்டித்துணி உடனே வேணும், கடைக்கு ஓட நேரமில்லை. மேடம் மூச்சிரைக்க ஜமீலாகிட்ட வந்தாங்க: “அந்தக் கைலி இன்னும் பையிலதானே இருக்கு?”

ஒரு நிமிஷ மௌனம்

அவ பையிலேருந்து எடுத்துக் கொடுத்தா. எனக்கு அதை வெட்ட மனசு வரலை. மடிச்சு மேலே பட்டையா வெச்சுத் தைச்சுக் கொடுத்தேன். மொத்தத் திரையையும் கைலிதான் தாங்குச்சு. செத்தவங்களுக்காக எல்லாரும் தலை குனிஞ்சு நின்னப்போ ஜமீலாவோட போன் அடிச்சுது. மேடம் உதட்டில் விரல் வெச்சு முறைச்சாங்க.

“அலோ! இன்னா ஆச்சு உங்களுக்கு? உசுரு கையில இல்லீங்க எனக்கு!” கடல் சத்தத்தையும் மீறி அவ கத்தினா. அழுதுக்கிட்டே சிரிச்சா. புருஷன்தான். கம்பெனிக்காரங்க ஊருக்கு அனுப்பறாங்களாம். அவர் கேட்ட முதல் கேள்வி, நீலக் கைலி எங்கேன்னு.

நாற்பது பேர் வரைஞ்ச சமாதானம் அண்ணாந்து பார்க்க மேலே ஆடிக்கிட்டிருக்க, நிஜமா வரப்போறவருக்கு அதில் வேண்டியிருந்தது நாலு முழம்தான்: “அக்கா, வெள்ளிக்கிழம வந்துடுவாராம், அத்த மட்டும் பிரிச்சுக் குடுங்கக்கா.”