மொட்டை மாடியில் ஒளித்து வைத்த அண்ணன்

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், செங்கல்பட்டிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள், ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய தாய்மாமனோடு சேர்த்து ஏழு பேர். அண்ணன் மட்டும் இல்லை. அதாவது, சதுரங்கப்பட்டினத்துக்கு ஒரு வேலையாகப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தோம். அவன் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவான். எங்கெங்கோ இருக்கிற மூன்று பேரோடு சேர்ந்து ஓர் அணி. வாரத்தில் ஆறு நாள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்டம். தெருவின் கண்ணில் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பட்டது. இரண்டு வீடு தள்ளி ஒருவர் போன் ரம்மியில் ஆட்டோவையே தோற்றிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் போனைக் குறுக்கே பிடித்தவனெல்லாம் சூதாடிதான். அக்காவுக்கு முன்பு வந்த ஒரு வரனும் அதைச் சொல்லியே கை நழுவிப் போனது.

அதனால்தான் அப்பா இந்த ஏற்பாட்டைச் செய்தார். அண்ணனும் மறுக்கவில்லை. அன்று நாலு மணிக்கு அவன் அணிக்கு ஒரு போட்டியின் கடைசிச் சுற்று. எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக நிற்பது மாடியில்தான்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மேலே ஓடுவேன். ஆட்டத்தில் சாகாமல் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டால் கண்ணை எடுக்காமல் "பன்னெண்டு" என்று உதட்டை மட்டும் அசைப்பான். கீழே ஓடி வந்தால் அக்கா காப்பித் தட்டோடு நின்றிருப்பாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும்தான். ஆறு சவரன் என்று பேச்சும் முடிந்தது. வெற்றிலைத் தட்டை மாற்றுவதுதான் பாக்கி.

அப்போது மேலிருந்து, "பின்னால வரான்டா! சுடு, சுடு!" என்று ஒரு கூச்சல்.

தாய்மாமன் நிமிர்ந்தார். "இன்னாது அது? மேல யாரு கூவிகினு கீறது?"

"பக்கத்து வூட்டுப் பையன் அண்ணாத்த. கொஞ்சம் மூள சரியில்ல," என்றார் அப்பா.

அது எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல மாமா, அது எங்க அண்ணன். பைனல் ஆடிகினு கீது. போன தபா ஜெயிச்சு எட்டாயிரம் வாங்குச்சு. அந்த டப்புலதான் அம்மா கம்மல அடகுக் கடைலேர்ந்து மூட்டோம்," என்றேன். எது என்று காட்ட அம்மாவின் காதைக்கூடத் தொட்டேன். பெரியம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது.

"சூதாடி வூட்லயா பொண்ணு எடுக்கறோம்?" என்று தாய்மாமன் எழுந்துவிட்டார்.

அதற்குள் அண்ணன் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கழுத்தில் ஹெட்செட் தொங்க இறங்கி வந்தான். "இது ரம்மி இல்ல மாமா. நாங்க டப்பு கட்டி ஆடறதே இல்ல. போட்டி நடத்தறவங்க பரிசு குடுப்பாங்க, கபடிக்குக் குடுக்கற மாரி."

"கபடி ஆடறவன் வேர்வ சிந்தறான். நீ இன்னாத்த சிந்துன?"

அண்ணன் மாடிக்கே திரும்பிப் போனான். அக்கா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் வட்டமாக நின்று பேசினார்கள். நான் சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அக்காவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. திரும்பி வந்த தாய்மாமனின் முகத்தில் கோபமே இல்லை. அதை நான் நல்லதுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு எங்க சனம் கேக்கும்ல, மச்சான்காரன் இன்னா பண்றான்னு? அதுங்க வாய மூடறது சும்மாவா? ஒம்போதா போட்டுடு," என்றார்.

அப்பா தலையாட்டினார். தட்டு மாறியது. நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். "அண்ணா, ஒத்துகினாங்க!"

அண்ணன் சிரிக்கவில்லை. "எவ்ளோக்கு?" என்றான்.

ஏன் அப்படிக் கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணம் நிற்கவில்லையே, இன்னும் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர்கள் எங்கள் அண்ணனைக் கண்டு கொஞ்சமும் பயப்படவில்லை என்பதும், வேனுக்குப் பக்கத்தில் நின்று அவனுக்கு விலைதான் போட்டார்கள் என்பதும் எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. அந்த விலையை அண்ணனே கட்டினான், ஞாயிற்றுக்கிழமைகளிலும் மூட்டை தூக்கி. கூடுதல் மூன்று சவரன், செய்கூலி சேதாரம் எல்லாம் சேர்த்து, தொண்ணூற்றாறாயிரத்து நானூறு ரூபாய்.