போகாத சத்தம்

குணேஸ்வரி அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் உள்ள எங்கள் பட்டறையில் தையல் வேலை. தைப்பது சட்டையல்ல, ஜெட் எஞ்சினைச் சுற்றிக் கட்டும் வெப்பத் தடுப்புப் போர்வை. ஓடுபாதையே இல்லாமல், நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பும் இராணுவ ஜெட் ஒன்று சோதனையில் இருக்கிறது. அதன் குழாய் கீழே திரும்பித் தரையில் நெருப்பை ஊதும். அந்தச் சூடு விமானத்தின் வயிற்றைத் தின்றுவிடாமல் காப்பது அக்கா தைத்த போர்வை. வரைபடம் நான் போட்டது. ஊரில் எங்கள் தெருவின் முதல் எஞ்சினியர் நான். இரகசியம் என்பதால் அம்மாவுக்கு ஒரு படம்கூட அனுப்ப முடியாது.

வருடக்கணக்கில் தைத்ததில் அக்காவின் வலக்கையே மரத்துவிட்டது. ஊசி குத்தினால் இரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். மேற்பார்வையாளர் பேனாட் ஒரு வழி சொன்னார். போர்வையை விமானத்தில் மாட்டும் ஃபிட்டர் வேலை காலியாக இருக்கிறது, பெரிய கொக்கிகள்தான், ஊசி இல்லை. கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு வீடு. ஒரே நிபந்தனை, விமானம் எழும்பும்போது வேலியோரம் நின்று போர்வையைக் கவனிக்க வேண்டும். அதே வேலையைப் பட்டறையில் இருந்த லக்ஷனும் கேட்டிருந்தான். மொன்றியலில் பிறந்தவன், யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை.

நிற்பதுதான் அக்காவுக்குச் சிக்கல். போர்க்காலத்தில், வன்னியில் குண்டு போடக் கிபிர் விமானம் வந்தால் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். சத்தம் போய் முடியும்வரை எழும்பக் கூடாது. தங்கை சிவமலர் கொஞ்சம் முந்தி எழும்பினாள். "படு" என்று அக்கா கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை.

இதை மத்தியானச் சாப்பாட்டின்போது லக்ஷனிடம் அக்காவே சொன்னார். அடுத்த நாளிலிருந்து அவன் போனில் ஜெட் சத்தத்தைப் போட்டுவிட்டு, "மாமி, உங்கட ஆக்கள் வருகினம்," என்பான். அக்கா மேசைக்கடியில் குனிவார். எல்லாரும் சிரிப்பார்கள்.

"பகிடி விடாதை தம்பி, குழம்பு ஊத்துப்பட்டுட்டுது," என்று அவரும் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனார். தலைக்கு மேலே விமானங்கள் இறங்க இறங்க, பெஞ்சைப் பிடித்தபடி நின்றார். பிறகு பிடிக்காமலும் நின்றார்.

"இப்ப பயமில்லை தம்பி," என்றார் என்னிடம். "வருது, போகுது. அவ்வளவுதான்."

எங்கள் விமானம் போவதில்லை.

சோதனை நாளில் வேலியோரம் பேனாட், அக்கா, லக்ஷன், நான் என்று நான்கு பேர் நின்றோம். காதை மூடிய ஹெட்போன், அதற்குள்ளேயே பேசும் வயர்லெஸ். இரும்புக் கயிறுகளில் கட்டியிருந்த விமானம் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது. சத்தம் வந்தது, தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. அக்கா இரண்டு கைகளையும் இறுக்கிக்கொண்டு போர்வையையே பார்த்தார். முழங்கால் ஆடியது. விழவில்லை. பேனாட் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போது எல்லார் காதுக்குள்ளும் லக்ஷனின் குரல் கேட்டது. கத்தக்கூட இல்லை.

"மாமி, படுங்கோ."

அக்கா முகங்குப்புற விழுந்தார். சத்தம் போகவில்லை, ஆகவே எழும்பவில்லை. பேனாட் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

அவன் தமிழில் என்ன சொன்னான் என்று பேனாட் என்னைக் கேட்டார். சொன்னேன். தெரிந்தேதான் சொன்னான் என்றும் சொன்னேன். லக்ஷன் அழகான பிரெஞ்சில் மறுத்தான். அவர் நடுங்கினார், மயங்கி விழுந்து அடிபடுவாரோ என்று பயந்து படுக்கச் சொன்னேன் என்றான். பேனாட் அவன் தோளில் தட்டினார். பக்கத்தில் நிற்பவரைக் கவனிக்கிற ஆள்தான் இங்கே வேண்டும் என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்து, மரத்துப்போன உள்ளங்கையில் எங்கே இரத்தம் என்று தேடித்தேடிச் சரளைக்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சொல்லை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தான் மாமி."

"ஓம்," என்றார் அக்கா. "நான்தான்."

தூக்கிவிட லக்ஷன் கையை நீட்டினான். அக்கா ஹெட்போனைக் கழற்றி, ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையிலேயே துடைத்து, அவனிடம் கொடுத்தார்.