குங்குமம் வைத்த டிராயிங்

அம்மனை நம்பும் சொந்தங்களே, போன ஆயுத பூஜை சமயத்தில் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்.

அம்பத்தூர் பக்கம் மண்ணூர்பேட்டையில் ரப்பர் வாஷர் பட்டறை வைத்திருக்கிறேன். சாம்பிளைக் கையில் கொடுத்தால் அப்படியே செய்து தருவேன். திடீரென்று நான் சரக்கு கொடுக்கும் கம்பெனியில் சாம்பிளுக்குப் பதில் அளவு போட்ட டிராயிங்கை நீட்டினார்கள். "படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் பர்ச்சேஸ்காரர். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓ, தெரியுமே!" என்றேன்.

நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் போட்டிருந்த அளவை முழு விட்டம் என்று நினைத்துவிட்டேன். சரக்கு மொத்தமும் பாதி அளவில் வந்தது. "வளையல் கேட்டா மோதிரம் கொண்ணாந்துகீறீங்களே!" என்று அவர் சிரித்தார். அடுத்த வாரத்துக்குள் சரியாகக் கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. எனக்கிருப்பது அந்த ஒரே கம்பெனி. நாலு பெண்கள் என்னை நம்பி வேலைக்கு வருகிறார்கள்.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எதிர்ப் பட்டறை அன்வர் பாய் டிராயிங் படிப்பதில் கெட்டிக்காரர். ஆனால் என் கஸ்டமரை இழுத்துக்கொண்டார் என்று ஆறு வருடமாக அவரோடு பேச்சில்லை. அவரிடம் போவதா? செத்தாலும் மாட்டேன்!

பூஜையன்று டிராயிங்குக்குக் குங்குமம் வைத்து, அம்மன் படத்தின் முன் வைத்து அழுதேன். "யாரையாவது அனுப்புடி தாயே, உனக்குக் கண்ணில்லையா?" என்று சண்டையே போட்டேன்.

நிமிர்ந்தால் வாசலில் அன்வர் பாய், கையில் எங்கள் பொரிப் பொட்டலம். புதிதாக வேலைக்கு வந்த செல்விக்கு எங்கள் சண்டை தெரியாது. தெருவுக்கெல்லாம் கொடுத்தவள் அவருக்கும் கொடுத்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஆறு வருசம் கழிச்சு பொரி வருது? கோவம் போச்சா?" என்றவர் டிராயிங்கைப் பார்த்துவிட்டார். "இதுக்கு இன்னாத்துக்குக் குங்குமம்?"

என்னை மீறி வந்துவிட்டது. "எனக்குப் படிக்கத் தெரியாது பாய்."

"அது எனக்கு அப்பவே தெரியுங்கக்கா. ஆறு வருசம் முன்னாடி அந்த கஸ்டமர் உங்களாண்ட டிராயிங் குடுத்து, தப்பா வந்ததாலதான் என்னாண்ட வந்தாரு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "எடுங்கக்கா, நான் சொல்லித் தர்றேன்" என்றார் அவரே. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. அந்த ஒரு நாளைத் தள்ளுவதற்குள் உயிர் போய்விட்டது. மறுநாள் விஜயதசமி, படிப்பைத் தொடங்கும் நாள். நாற்பத்தாறு வயதில் பென்சிலோடு பாயின் எதிரில் உட்கார்ந்தேன்.

சரக்கு பாஸ் ஆகிவிட்டது. இப்போது பெரிய ஆர்டர் வந்தால் இரண்டு பட்டறையும் பங்கிட்டுச் செய்கிறோம். அம்பத்தூரில் பட்டறைக்காரர்கள் கூட்டம் எங்கே நடந்தாலும் போகிறேன். புரியாததைக் கூச்சப்படாமல் கேட்கிறேன். படபடப்பு மட்டும் போகவில்லை, அது பிறவிக் குணம்.

நீங்களும் அம்மனிடம் மனம்விட்டுக் கேளுங்கள், கட்டாயம் ஆள் அனுப்புவாள். நமக்குப் பிடித்த ஆளாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.