பெல்ட் மாட்டிவிட வந்த பெண்

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை நான் பிபிக் என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தெருவில் வயதில் மூத்த பெண்களுக்கு அதுதான் பெயர். மலாக்காச் செட்டிக் குடும்பம். கோயிலும் விபூதியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். பூஜைச் சாமான்களின் பெயர்களும் சில உறவுமுறைகளும் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி அங்கே வந்த எனக்குத் தெரிந்ததோ கடைவீதி மலாய். ஆனாலும் எங்களுக்குள் பேச்சு ஓய்ந்ததே இல்லை. அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருடம் பினாங்கிலிருந்து அவருடைய மருமகன் தந்தி அடித்தார். மகளுக்கு மாதம் நிறையுமுன்பே பிரசவமாகி இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் எலிக்குஞ்சு அளவு, உடனே வரவும். ரயிலில் போனால் தம்பினில் ஏறி, இரவெல்லாம் உட்கார்ந்து, கடைசியில் ஃபெரியும் பிடிக்க வேண்டும். பிபிக்கின் முழங்கால் அதற்குத் தாங்காது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த மூத்த மகன் விமான டிக்கெட் இரண்டு எடுத்துக் கொடுத்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

பிபிக் எங்கள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, என்னிடம் கேட்காமல் என் கணவரிடம் கேட்டார்.

"உன் பெண்டாட்டிய நாலு நாளைக்குக் குடு. தனியா ஏற எனக்குப் பயமா இருக்கு."

"நாலு நாள் என்ன பிபிக், ஒரு வாரம் வெச்சுக்குங்க. திருப்பிக் கொண்டாந்து விட்டா சரி."

எனக்கும் பயம்தான். ஆனால் என்னைப் பார்த்துத்தான் அவர் தைரியமாக இருக்கப்போகிறார் என்பதால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மலாக்காவின் பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் ஏறி, கோலாலம்பூரில் வேறு விமானத்துக்கு மாறினோம். வால் தரையைத் தொடுகிற மாதிரி நிற்கும் விமானம் அது. உள்ளே போனால் மேட்டில் ஏறுவது போல நடக்க வேண்டும். பிபிக் கெபாயாச் சட்டையில் மூன்று புரூச்சும் குத்தி, கல்யாணத்துக்குப் போவது போல உடுத்தியிருந்தார். மடியில் ஒரு தூக்குச்சட்டி. பிள்ளை பெற்றவளுக்காக இஞ்சியும் பூண்டும் மிளகும் நல்லெண்ணெயில் வதக்கி வைத்திருந்தார்.

விமானப் பணிப்பெண் வந்து பெப்பர்மிண்ட் கொடுத்தாள். ஈப்போச் சீனப் பெண், இருபது வயது இருக்கலாம். மலாய் நன்றாகப் பேசினாள். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கச் சொன்னாள்.

"கால்கிட்டயா? இது மருந்து" என்றார் பிபிக்.

"மடியில இருந்தா உங்க மூஞ்சிலதான் வந்து அடிக்கும், பிபிக்" என்று சொல்லிக்கொண்டே அவள் குனிந்து, சட்டியைக் கம்பளியில் சுற்றி இருக்கைக்கு அடியில் இறுக்கி வைத்தாள். பிறகு இடுப்பில் சுற்றியிருந்த சாரோங்குக்கு மேலாக பெல்ட்டை மாட்டிவிட்டாள். கேட்காமலே தன்னை பிபிக் என்று கூப்பிட்டதில் அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

பேராக் மாநிலத்தைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே மலையும் காணோம், வானமும் காணோம், எல்லாம் கறுப்பு மேகம். முதலில் மோசமான தோட்டத்து ரோட்டில் லாரி போவது போல ஆடியது. பெல்ட் போடச் சொல்லி முன்னால் விளக்கு எரிந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனாள். எங்களுக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு பெரிய தௌக்கே, சீன முதலாளி, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பெல்ட் இரண்டு பக்கமும் தொங்கியது. அவள் திரும்பி வந்து, அவரை எழுப்பாமலே வயிற்றைச் சுற்றி பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். பூட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த கணம் விமானம் விழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கப்புகளும் செருப்புகளும் ஒரு குடையும் மேலே போயின. அந்தப் பெண்ணும் மேலே போனாள். பெட்டி வைக்கும் தட்டில் தலை இடித்து, எங்கள் பக்கமாகக் கீழே வந்து விழுந்தாள்.

நான் கையை நீட்டுவதற்குள் பிபிக் பிடித்துவிட்டார். ஒரு கையால் சட்டைக் காலரையும் மறு கையால் இடுப்பையும் பற்றி இழுத்து, தன் கால்களுக்கு இடையில் தரையில் உட்கார வைத்தார். முடியாத அந்த முழங்கால்கள் இரண்டாலும் அவளை நெருக்கிக்கொண்டார்.

"டுடுக், டுடுக்" என்றார். உட்கார், உட்கார் என்று.

"மத்தவங்களப் பாக்கணும், பிபிக். விடுங்க."

"எல்லாருக்கும் நீ கட்டிவிட்டாச்சு. உன்னக் கட்ட யாரும் இல்ல. பேசாம இரு."

மறுபடி விழுந்தது, மறுபடி தூக்கியது. நானும் குனிந்து அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து பிபிக்கின் சாரோங்கில் சொட்டியது. இருக்கைக்கு அடியில் தூக்குச்சட்டி மூடி கழன்று, விமானம் முழுக்க இஞ்சி பூண்டு வாசனை. யாரோ பைபிள் வாசகம் சொன்னார்கள், யாரோ வாந்தி எடுத்தார்கள். பிபிக் முருகனை மட்டும் தமிழில் கூப்பிட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று வெயில் வந்தது, கீழே கடல் தெரிந்தது. தௌக்கே கண்கள் பிதுங்க விழித்திருந்தார். தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், தரையில் இருந்த பெண்ணைப் பார்த்தார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பிபிக் அதை வாங்கி அவள் நெற்றியில் கட்டினார். அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, அழுகையோடு அழுகையாக மறுபடி ஒவ்வொரு வரிசையாகப் பார்க்கப் போனாள்.

இறங்கும்போது எங்கள் ஊரைக் கேட்டாள். காஜா பெராங், கோயிலுக்குப் பக்கத்து வீடு என்றேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வந்தது. அது புறப்படும்வரை பிபிக் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க எங்களை அழைத்துப்போக வந்த மருமகன் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் இரண்டும் பிழைத்தன. சட்டியில் மிஞ்சியிருந்த மருந்தே மகளுக்குப் போதுமானதாக இருந்தது. நாலு நாள் என்று போன நாங்கள் இரண்டு வாரம் கழித்து ரயிலில் திரும்பினோம்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிபிக் வீட்டு வாசலில் ட்ரைஷா வண்டி வந்து நின்றது. அந்தப் பெண்தான். கையில் ஒரு டின் பிஸ்கட், நெற்றியில் புருவத்துக்கு மேலே மெல்லிய தழும்பு. பிபிக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் மீன் குழம்பைச் சுடவைத்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

"இன்னும் அதே வேலையா?" என்று கேட்டார்.

"ஆமா, பிபிக்."

"ஆடும்போது நீ எங்க உக்காருவ?"

"பின்னால மடக்குற ஸீட் ஒண்ணு இருக்கு. பெல்ட்டும் இருக்கு. அன்னைக்கு அந்த ஆளு தூங்கிட்டாரு. விட்டுட்டுப் போய் உக்கார மனசு வரல."

பிபிக் அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். "இனிமே உன் இடத்துல உக்காந்துகிட்டே கத்து. நல்லா சத்தமாக் கத்து. தூங்குறவன் எழுந்திரிப்பான்."

"கத்தக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, பிபிக். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லணும்."

"அப்ப சிரிச்சுக்கிட்டே கத்து."

அந்தப் பெண் வாயில் சோற்றோடு சிரித்துவிட்டாள். சாப்பிட்ட பிறகு முன்கூடத்துப் பாயில் சும்மா சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பிபிக் பக்கத்தில் உட்கார்ந்து, ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தார். பாத்திரத்தைச் சத்தம் இல்லாமல் கழுவு என்று எனக்குக் கையால் ஜாடை காட்டினார்.