விமானம் நின்ற அன்று நான் சொன்ன ‘போட்டு வாறன்’

மலாயா, பர்மா என்று அலைந்து திரும்பிய எனக்கும் என் மச்சான் செல்லையாவுக்கும் சென்னைப்பட்டணத்தில் ஒரு சுருட்டுக் கடையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை வந்து சேராதவருக்கு வேலை இல்லை என்று முதலாளி எழுதியிருந்தார். சனிக்கிழமை இருவரும் பலாலியில் ஆகாய விமானம் ஏறப் போனோம்.

இயந்திரம் பழுது, இன்று பறக்காது என்றார் கம்பனிக் கிளாக்கர். கொழும்புக்காரரான அவருக்குத் தமிழ் அரைகுறை. விடைபெறும்போது ‘போறன்’ என்பது அபசகுனம் அல்லவா? நான் வழக்கம்போல, போய்வருகிறேன் என்பதற்கு, “அப்ப போட்டு வாறன் ஐயா” என்று எழுந்தேன்.

செல்லையா உட்கார்ந்திருந்த வாங்கிலை விட்டு அசையவில்லை. “நீ போ மச்சான், எனக்குக் கால் நோகுது” என்று சிரித்தான்.

மறுநாள்தான் அறிந்தேன். காத்திருந்தவர்களுக்குக் கம்பனி சோறு போட்டு, அன்றிரவே அக்கரை போகும் தலைமன்னார்க் கப்பலுக்குச் சீட்டும் எடுத்துக் கொடுத்ததாம். ஓடிப்போய்க் கேட்டேன்.

“நீங்கதானே வேறே நாள் வாறன் சொன்னது? நான் அப்பிடித்தான் எழுதினது” என்றார் கிளாக்கர்.

“ஐயோ, அது எங்கடை ஆக்கள் வெளிக்கிடேக்கை சொல்லுறது!”

எழுதியது எழுதியதுதான். கப்பலும் போய்விட்டது, அதோடு வேலையும்.

செல்லையா கடை வாசலில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறான். பட்டினி கிடந்தபோதும் எவன்மேலும் நான் இப்படி எரிந்ததில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது ரயிலோ பஸ்ஸோ எது நின்றாலும், “எனக்கு என்ன வழி செய்து தரப்போறியள்?” என்று கேட்டுவிட்டு வாங்கிலிலேயே இருக்கிறேன். வழி பிறக்கும்வரை யாரிடமும் விடைபெறுவதில்லை.