அவள் சாப்பிட்டதாக நான் சாப்பிட்டவை

லிங்கராஜபுரத்து கிளினிக் நடையில் என் மகளை மூன்று முறை எடை போட்டார்கள். தடுப்பூசிக்காகப் போயிருந்தோம். நான்கு மாதக் குழந்தை. போன மாதத்தைவிட நூறு கிராம்கூட ஏறவில்லை. நர்ஸ் எடை மெஷினைச் சந்தேகப்பட்டார். நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன். என்னைச் சந்தேகப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

டாக்டர் அடுத்து என் மனைவி எஸ்தரை எடை பார்க்கச் சொன்னார். ஒரே மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தாள். வீட்டில் எங்கள் அறைக்குள் நாங்கள் இருவரும் அதைச் சாதனையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். கூட வந்திருந்த மாமியார் பெருமையோடு அடுக்கினார்: பூண்டுக் குழம்பு, நெய்ச்சோறு, பால்சுறாப் புட்டு, தினமும் இரண்டு அண்ட்டின உண்டே (கோந்தும் உலர்பழமும் நெய்யும் சேர்த்து, பிள்ளை பெற்றவளுக்குக் கன்னட வீடுகளில் பிடிக்கும் உருண்டை, பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டது).

இவ்வளவு சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு (கழுத்திலுள்ள சுரப்பி) கோளாறாக இருக்கலாம் என்று டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுத ஆரம்பித்தார். எஸ்தர் தரையைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். பிரசவத்துக்குப் பின் அவளுக்கு உடம்பு கொஞ்சம் கூடியிருந்தது. துக்க வீட்டிலும் ஜோக்கடிக்கும் ஆள் நான். ஒரு நாள் ஸ்கூட்டரில் அவள் ஏறியதும், “பின் டயருக்கும் லீவு குடுக்கணும் போல” என்றேன். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து காலையில் சீரகத் தண்ணீர், மதியம் ஒரு சப்பாத்தி, வயிற்றைச் சுற்றி இறுக்கிய பழைய புடவை.

பிள்ளை பெற்றவள் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது, கண் படும் என்பது மாமியாரின் சட்டம். சாப்பாடு அறைக்கு வரும், கதவு சாத்தப்படும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான் உள்ளே இருப்பேன். தட்டு காலியாகத் திரும்பும். மனைவிக்கு ஒத்தாசை என்றுதான் நினைத்தேன். ருசியும் ஒரு காரணம்.

“டாக்டர், அவ சாப்பிடல. நான்தான் சாப்பிட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

மாமியார் மெதுவாகத் திரும்பினார். “பால்சுறாவுமா, மாப்ள?”

டாக்டர் என்னையும் மெஷினில் ஏற்றினார். “யாருக்கு டெலிவரி ஆச்சுன்னே தெரியல சார்” என்றவர் பிறகு சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையையும் விடவில்லை. பிறகு வந்த முடிவில் தைராய்டு சரி, ரத்தசோகை (ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு) இருந்தது.

அன்று திரும்பும் ஆட்டோவில் எஸ்தர் சொன்னாள்: “கோவம்லாம் இல்ல. சாப்புடுன்னு ஒரு தடவயாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க காலித் தட்டத்தான் எடுத்துட்டுப் போனீங்க.”

உங்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தால், எங்களுக்கு டாக்டர் சொன்னது இது: பால் கொடுக்கும் உடம்புக்குப் பட்டினி ஆகாது. வேளைக்குச் சாப்பாடு, முட்டை, கீரை, தாகத்துக்குத் தண்ணீர், இரும்புச்சத்து மாத்திரை. துணி கட்டினால் கொழுப்பு கரையாது. அவளுக்கு வயிற்றின் நடுத்தசை விலகியிருந்தது (கர்ப்பத்தில் இப்படி ஆவதுண்டு). அதற்குப் பிசியோதெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். நடைப்பயிற்சியை ஒரே தெருவில் தொடங்கினோம். தெருமுனை வந்ததும் இருவருமே யாராவது ஆட்டோ பிடிப்பார்களா என்று பார்த்துக்கொள்வோம்.

இரண்டு வாரத்தில் மகளின் எடை ஏறத் தொடங்கியது. எஸ்தருக்கும் ஒரு கிலோ ஏறியது, அன்று அழுதாள். பிறகு ஒரு மாதம் ஒரு கிலோ இறங்கும், ஒரு மாதம் ஒன்றுமே நடக்காது. இதை உற்சாகமாக எழுத ஆசைதான். அலுப்பாகத்தான் இருந்தது. மாமியார் கண் பற்றிய சட்டத்தை ரத்து செய்துவிட்டு, எதிரே உட்கார்ந்து எங்கள் இருவர் தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டில் ஒரு கரண்டி குறைந்தது.

மகளுக்குப் பத்து மாதமானபோது ரவிக்கை தைக்கப் போனோம். தையற்காரர் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னும் எளைப்பீங்கம்மா, ஒரு இஞ்சு கொறச்சே தெக்கிறேன்” என்றார். எல்லாத் தாய்மாரிடமும் சொல்வார் போல.

எஸ்தர் தூக்கிய கையை இறக்காமல் கொஞ்சம் யோசித்தாள்.

“இப்ப இருக்கறதுக்கே தெச்சுருங்கண்ணா. இந்த ஞாயித்துக்கெழம போடணும்.”

என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. சொல்லவில்லை. இடுப்பில் மகள் கனத்தாள், கை மாற்றிக்கொண்டேன்.